நூறு பேர் சுமந்த வாள்: ஏமாந்த வாசகி ஒருவரின் வாக்குமூலம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பேய்க்கதையைப் படித்து ஏமாந்தவர்கள் அந்த ஏமாற்றத்தைப் பெரும்பாலும் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். பயமே வரவில்லை என்பார்கள். முடிவு சரியில்லை என்பார்கள். எந்தப் பக்கத்தில், எந்தப் பொருளைக் கண்டபோது மயக்கம் தெளிந்தது என்று கேட்டால் பதில் கிடைப்பது அரிது. ஆகவே, இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரைச் சேர்ந்த கிளாரா ரீவ் 1778-இல் 'தி ஓல்டு இங்கிலிஷ் பாரன்' என்ற தம் நாவலுக்கு எழுதிய முன்னுரையை, ஓர் அமானுஷ்ய நாவலால் ஏமாந்த வாசகர் விட்டுச்சென்ற மிகத் துல்லியமான வாக்குமூலமாக நான் மதிக்கிறேன். அவரை ஏமாற்றிய நூல் ஹோரஸ் வால்போல் எழுதிய 'ஒட்ராண்டோ கோட்டை'. தமக்கு மயக்கம் கலைந்த இடங்களை ரீவ் பெயர் சொல்லிச் சுட்டினார்; தம்மைப் போலவே ஏமாந்ததாக வேறு சில வாசகர்களும் தம்மிடம் ஒப்புக்கொண்டதைப் பதிவுசெய்தார்; அந்தக் குறைகளை நீக்கி அதே அச்சில் ஒரு நாவலை எழுதியும் காட்டினார். அப்போது உயிரோடிருந்த வால்போல் அந்த நாவலைப் படித்துத் தம் கருத்தைக் கடிதங்களில் எழுதிவைத்தார். நோய், நோய்பற்றி நோயாளியே சொன்ன சொல், அவர் உண்ட மருந்து, மருந்தின் விளைவு ஆகிய அனைத்தும் ஏட்டில் கிடைக்கும் இப்படியொரு நிகழ்வு வாசிப்பின் வரலாற்றில் அடிக்கடி வாய்ப்பதில்லை.

இந்த ஆய்வில் நான் வந்தடைந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரீவுக்கு ஏற்பட்ட ஏமாற்றம் உண்மையானது. அதன் காரணமென்று அவர் நினைத்தது உண்மைக் காரணமன்று. காரணத்தை மாற்றிக் கண்டதால் மருந்தும் மாறிப்போயிற்று. இதை நாவலின் பக்கங்களைக் கொண்டே காட்ட முயல்கிறேன்.

நூல் வந்த விதம்

வால்போல், பிரிட்டனின் முதல் பிரதமராகக் கருதப்படும் ராபர்ட் வால்போலின் கடைசி மகன். நாடாளுமன்ற உறுப்பினர், பழம்பொருள் சேகரிப்பாளர், லண்டனுக்கு அருகே டுவிக்கன்ஹாமில் ஸ்ட்ராபெரி ஹில் என்ற வீட்டை இடைக்காலக் கோட்டையின் சாயலில் வருடக்கணக்காகக் கட்டிக்கொண்டிருந்தவர். 1764 ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒருநாள் விடியற்காலையில் தாம் கண்ட கனவிலிருந்து கதை பிறந்ததாக, 1765 மார்ச்சில் நண்பர் வில்லியம் கோலுக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொல்கிறார். ஒரு பழைய கோட்டைக்குள் தாம் இருப்பதாகவும், பெரிய படிக்கட்டின் உச்சிக் கைப்பிடிமேல் இரும்புக் கவசம் அணிந்த ஒரு பிரம்மாண்டமான கை இருப்பதாகவும் கண்ட அந்தக் கனவைத் தவிர வேறெதுவும் கையில் இல்லாமல் அன்று மாலையே எழுதத் தொடங்கி, இரண்டு மாதத்துக்குள் முடித்துவிட்டார். ஒருநாள் மாலை ஆறு மணிக்குத் தேநீர் குடித்த பிறகு உட்கார்ந்தவர், நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிவரை விரல்கள் சோர்ந்துபோகும் அளவுக்கு எழுதினாராம். அந்தக் கை நமக்குப் பிறகு வேண்டியிருப்பதால் வாசகர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1764 டிசம்பர் 24 அன்று 500 படிகளாக நூல் வெளிவந்தபோது அதில் வால்போலின் பெயர் இல்லை. ஒனுஃப்ரியோ முரால்டோ என்ற இத்தாலியப் பாதிரியார் எழுதியது, வில்லியம் மார்ஷல் என்பவர் மொழிபெயர்த்தது, வட இங்கிலாந்தில் ஒரு பழைய கத்தோலிக்கக் குடும்பத்தின் நூலகத்தில் கண்டெடுத்தது, 1529-இல் நேப்பிள்ஸில் அச்சானது என்று முகப்பும் முன்னுரையும் சொல்லின. அத்தனையும் புனைவு. 1765 ஏப்ரலில் இரண்டாம் பதிப்பு வந்தபோது வால்போல் முகமூடியைக் கழற்றினார். தலைப்பின் கீழே 'ஒரு கோத்திக் கதை', அதாவது இடைக்காலப் பாணிக் கதை, என்ற சொற்களையும் சேர்த்தார்.

இந்த நூலால் ஏமாந்த முதல் ஆள் ரீவ் அல்லர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். 'மந்த்லி ரிவ்யூ' இதழ் 1765 பிப்ரவரியில், பழைய இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பு என்று நம்பி அதை ஓரளவு பாராட்டியிருந்தது. மே மாத இதழில் அதே இதழ் தன் பாராட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பழங்காலத்து நூல் என்று எண்ணி அதன் குறைகளுக்குக் காட்டிய சலுகையை, கல்வி வளர்ந்த இந்தக் காலத்தில் எழுதப்பட்ட பொய்க் கதைக்குக் காட்ட இயலாது என்று எழுதியது. கதை மாறவில்லை. எழுதியவர் யார் என்பது மட்டுமே மாறியது. அது ஏமாற்றப்பட்டவரின் கோபம். ரீவின் ஏமாற்றம் அந்த வகையைச் சேர்ந்ததன்று. அவர் படித்தபோது நூலாசிரியர் யாரென்பது ஊரறிந்த செய்தி. அதைப் பற்றி அவருக்கு எந்த மனக்குறையும் இல்லை.

மற்றொரு சாட்சியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கவிஞர் தாமஸ் கிரே 1764 டிசம்பர் 30 அன்று கேம்பிரிட்ஜிலிருந்து வால்போலுக்கு எழுதினார்: நூல் இங்கே எங்கள் கவனத்தை ஈர்த்துவிட்டது, எங்களில் சிலரைக் கொஞ்சம் அழ வைக்கிறது, இரவில் படுக்கைக்குப் போகவே எல்லாரையும் அஞ்ச வைக்கிறது. ரீவைச் சிரிக்கவைத்த அதே தலைக்கவசமும் அதே வாளும்தான் கேம்பிரிட்ஜில் கற்றறிந்த மனிதர்களைத் தூங்கவிடாமல் செய்தன.

ரீவ் சொன்னது

கிளாரா ரீவ் 1729-இல் பிறந்தவர், பாதிரியாரின் மகள். இரவு உணவுக்குப் பிறகு தந்தை புகைக்குழாயுடன் அமர்ந்திருக்க, அவருக்கு நாடாளுமன்ற விவாதங்களைப் படித்துக்காட்டி வளர்ந்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். வாதத்தின் ஒழுங்கில் பழகிய அந்த மனம் முன்னுரையின் ஒவ்வொரு வாக்கியத்திலும் தெரிகிறது. பழைய வீரக்கதையின் சுவையையும் புதிய நாவலின் சுவையையும் இணைக்க மூன்று பொருள் வேண்டும் என்கிறார் அவர். கவனத்தைப் பிடிக்கும் அளவுக்கு வியப்பு வேண்டும். நம்பகமான தோற்றம் தருவதற்கு நடைமுறை வாழ்க்கையின் பழக்கவழக்கங்கள் வேண்டும். நெஞ்சைத் தொடும் அளவுக்கு உருக்கம் வேண்டும். வால்போலின் நூலில் பின்னிரண்டும் மிகச் சிறப்பாக உள்ளன, முதலாவது அளவு மீறிவிட்டது என்பது அவருடைய தீர்ப்பு.

அவர் பகையோடு பேசவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தொடக்கம் வலுவாக ஈர்க்கிறது, கதை திறமையாக நடத்தப்படுகிறது, பாத்திரங்கள் அருமையாக அமைந்திருக்கின்றன, நடை மெருகேறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாராட்டுகிறார். அழகுகள் இத்தனை இருப்பதால்தான் குறைகளைப் பொறுக்க முடியவில்லை, எல்லா வகையிலும் அது நிறைவாக இருக்க வேண்டுமென்று மனம் விரும்புகிறது என்று எழுதுகிறார். எனக்கு இந்த முன்னுரையில் மிகவும் பிடித்த இடம் இதுவே. பிடிக்காத புத்தகத்தை மூடிவைத்துவிடலாம். பாதிக்குமேல் தன்னைப் பறிகொடுத்துவிட்ட புத்தகம் கைவிடும்போதுதான் இப்படி வலிக்கும்.

பிறகு குற்றச்சாட்டு வருகிறது. ஒரு பேய் தோன்றுவதை நம்மால் எண்ணிப்பார்க்க முடியும், ஏற்கவும் முடியும். மந்திர வாளையும் மந்திரத் தலைக்கவசத்தையும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அவை நம்பத்தக்க எல்லைக்குள் நிற்க வேண்டும் என்கிறார். எல்லை மீறியவையாக நான்கைச் சொல்கிறார். தூக்குவதற்கு நூறு பேர் தேவைப்படும் வாள். தன் எடையாலேயே முற்றத்தின் தளத்தை உடைத்து, கீழேயுள்ள நிலவறைக்குள் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி உண்டாக்கும் தலைக்கவசம். சட்டத்தைவிட்டு இறங்கி நடக்கும் ஓவியம். துறவியின் முக்காட்டுக்குள் ஓர் எலும்புக்கூட்டுப் பேய். எதிர்பார்ப்பு உச்சிக்கு ஏறி நிற்கும்போது இவை வந்து அதைக் கீழே தள்ளிவிடுகின்றன, கற்பனையின் வேலையை அழித்துவிடுகின்றன, கவனத்துக்குப் பதிலாகச் சிரிப்பை எழுப்புகின்றன என்பது அவர் வாதம். புத்தகம் முடியும்வரை நீடிக்க வேண்டுமென்று தாம் விரும்பிய மாயம் கலைந்ததைக் கண்டு வியப்பும் எரிச்சலும் அடைந்ததாக எழுதுகிறார்.

வாளும் கவசமும் ஓவியமும் எலும்புக்கூடும்

நாவலைக் கையில் வைத்துக்கொண்டு இந்த நான்கையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். முதலில் தலைக்கவசம். எதிர்பார்ப்பு உச்சிக்கு ஏறியபோது அது வந்ததாகச் சொல்வது பொருந்தாது; அது கதையின் முதல் ஓரிரு பக்கங்களிலேயே விழுந்துவிடுகிறது. ஒட்ராண்டோவின் ஆட்சியாளன் மான்ஃபிரட், தன் 15 வயது மகன் கான்ராடுக்கும் இசபெல்லாவுக்கும் திருமணம் செய்யவிருக்கும் நாளில், மனிதனுக்கென்று செய்யப்பட்ட எந்தக் கவசத்தையும்விட நூறு மடங்கு பெரிய, கறுப்பு இறகுகள் செறிந்த தலைக்கவசத்தின் கீழே அந்தப் பையன் நசுங்கிக் கிடக்கிறான். அதற்கு முந்தைய பத்தியில்தான் நாவலாசிரியர் ஒரு பழைய ஆரூடத்தைச் சொல்லியிருக்கிறார்: கோட்டையின் உண்மையான உரிமையாளர், அதில் வசிக்க முடியாத அளவுக்குப் பெரியவராக வளரும்போது, இப்போதைய குடும்பத்தின் கையைவிட்டு அது போய்விடும். ஆக, பெரிய அளவு என்பது இந்த நாவலின் உயிர். கோட்டையின் பழைய உரிமையாளரும் மான்ஃபிரட்டின் பாட்டனால் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டவருமான அல்ஃபோன்ஸோவின் உருவம் தலைக்கவசமாக, காலாக, வாளாக, கையாகக் கோட்டைக்குள் துண்டு துண்டாக வந்து சேர்ந்து, கடைசியில் சுவர்களைத் தகர்த்துக்கொண்டு முழுதாக எழுந்து நிற்கிறது. சாதாரண மனிதனின் தலைக்கு ஏற்ற கவசம் விழுந்திருந்தால் அந்த ஆரூடத்துக்குப் பொருளே இருந்திருக்காது. நூல் தொடக்கத்திலேயே கொடுத்த வாக்கை அங்கே காப்பாற்றுகிறது; அந்த அளவை எதிர்த்து வழக்காட ரீவுக்கு இடமில்லை என்றே நான் நினைக்கிறேன்.

தவிர, அந்தக் காட்சி எனக்கு இன்றும் அச்சம் தருகிறது. அதற்குக் காரணம் கவசத்தின் அளவைவிட, அதைச் சுற்றி நிற்கும் மனிதர்கள்தான். தந்தை மகனின் உடலைப் பார்க்காமல் கவசத்தையே வெறித்துக்கொண்டு நிற்கிறான். கூட்டத்திலிருந்த ஓர் இளங்குடியானவன், இது தேவாலயத்தில் உள்ள அல்ஃபோன்ஸோ சிலையின் கவசத்தைப் போலவே இருக்கிறது என்று சொன்னவுடன் மான்ஃபிரட்டுக்கு வெறி பிடிக்கிறது. சிலையின் தலையில் கவசத்தைக் காணவில்லை என்று ஓடிவந்து சொல்கிறார்கள். கூட்டம் அறிவு கலங்கி, அந்த இளைஞனையே மந்திரவாதி என்கிறது. முதல் பதிப்பின் முன்னுரையில் வால்போல் ஒன்றைச் சொல்லியிருந்தார்: நடந்தவை நடக்கக்கூடியவை என்று மட்டும் ஒப்புக்கொண்டால், கதையில் உள்ள எல்லாரும் அந்நிலையில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்களோ அப்படியே நடந்துகொள்வதைக் காணலாம். அவர் வாசகரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் இதுவே. பேயின் பக்கம் எதுவும் நடக்கலாம்; மனிதரின் பக்கம் பொய் இருக்கக் கூடாது.

இந்த ஒப்பந்தத்தை அளவுகோலாகக் கொண்டு வாளைப் பார்த்தால் நிலைமை வேறாக இருக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வீரனின் பரிவாரம் கோட்டைக்குள் நுழைகிறது. கட்டியங்கூறுவோர், பணிப்பையன்கள், எக்காளம் ஊதுவோர், நூறு காலாட்கள், அதே அளவு குதிரை வீரர்கள், செந்நிறமும் கறுப்பும் அணிந்த ஐம்பது ஏவலர்கள் என்று வரிசை நீள்கிறது. அந்த வரிசையின் ஒரு பகுதியாகவே, எடை தாங்காமல் மயங்கிவிழும் நிலையில் நூறு கனவான்கள் ஒரு பேருருவ வாளைச் சுமந்து வருகிறார்கள். ஊர்வலப் பட்டியலில் இன்னொரு இனமாக அது கடந்துபோகிறது. சுமப்பவர்களுக்குக் களைப்பு இருக்கிறது, வியப்பு இல்லை. பிறகு கவசத்தின் இறகுகள் தாமாக அசைய, வாள் அவர்கள் கையைவிட்டுத் துள்ளி விழுந்து கவசத்தின் எதிரே அசையாமல் கிடக்கிறது. அந்த இடத்தில் வால்போல் மான்ஃபிரட்டைப் பற்றி எழுதும் சொற்கள் இந்த வழக்கின் மிக முக்கியமான சான்று என்பது என் எண்ணம். இயற்கைக்கு மீறிய தோற்றங்களுக்கு அவன் கிட்டத்தட்ட மரத்துப்போயிருந்தான், ஆகவே இந்தப் புதிய அதிசயத்தின் அதிர்ச்சியையும் சமாளித்துக்கொண்டான் என்று நூலே சொல்கிறது. சமாளித்துக்கொண்டு, வந்தவர்களை உபசரிக்கிறான். கதையின் நாயகனுக்கே மரத்துப்போன பிறகு வாசகர் மட்டும் எப்படி நடுங்குவார்? பேய்க்கதையில் வாசகருக்கென்று தனியாகப் பயம் கிடையாது. பாத்திரத்தின் பயத்தைத்தான் நாம் கடன் வாங்குகிறோம். கடன் கொடுப்பவரின் கை வெறுமையானதும் நமக்குக் கிடைப்பது எண்ணிக்கை மட்டும். நூறு பேர் ஏன், எண்பது பேர் போதாதா, கோட்டை வாசலில் எப்படித் திரும்பினார்கள் என்று மனம் கணக்குப் போடத் தொடங்குகிறது. சிரிப்பு அந்தக் கணக்கிலிருந்து பிறக்கிறது.

ரீவின் சொற்களையே திரும்பிப் பார்த்தால் இது புலப்படும். வாளைப் பற்றிச் சொல்லும்போது எத்தனை பேர் என்கிறார். கவசத்தைப் பற்றிச் சொல்லும்போது, அது விழுந்ததையோ பையன் இறந்ததையோ குறிப்பிடாமல், தளத்தில் உண்டான ஓட்டையையும் அதன் அகலத்தையும் குறிப்பிடுகிறார். கவசத்துக்கு அடியிலேயே சிறைவைக்கப்பட்ட அந்த இளங்குடியானவன் தப்பிக்க வேண்டும் என்பதற்காக, கவசத்தின் கன்னப்பகுதி தளத்தை உடைத்து நிலவறைக்கு வழி திறந்துவிட்டது என்று வால்போல் பிற்பாடு ஒரு காரணம் சொல்கிறார். வானிலிருந்து வந்த சாபம் அந்த வாக்கியத்தில் ஒரு கடப்பாரையின் வேலையைச் செய்கிறது. ரீவை உறுத்தியது சரியாக அந்த வாக்கியம். அவருடைய செவி மிக நுட்பமானது. ஆனால் தமக்கு எது உறுத்தியது என்பதற்கு அவர் கொடுத்த பெயர் 'அளவு'.

ஓவியத்தின் நிலையும் இதுவே. மகன் இறந்த அன்றிரவே, மனைவி ஹிப்போலிட்டாவை விலக்கிவிட்டு மருமகளாக வரவிருந்த இசபெல்லாவைத் தானே மணக்கப்போவதாக மான்ஃபிரட் சொல்லும்போது, பாட்டன் ரிக்கார்டோவின் படம் ஆழ்ந்து பெருமூச்சு விடுகிறது. பிறகு சட்டத்தைவிட்டு இறங்கி, துயரமான முகத்தோடு தரையில் நிற்கிறது. கைகாட்டி அழைத்துச் செல்கிறது. இதுவரை படிக்கும்போது முதுகுத்தண்டு சில்லிடுகிறது. குடும்பத்தின் பழைய பாவத்துக்குச் சொந்தக்காரரே பேரனின் புதிய பாவத்தைக் கண்டு தாங்காமல் இறங்கி வருகிறார் என்பது எவ்வளவு பெரிய கற்பனை! ஆனால் ஓர் அறைக்கதவு கண்ணுக்குத் தெரியாத கையால் அறைந்து சாத்தப்படுகிறது, மான்ஃபிரட் அதை உதைத்துப் பார்க்கிறான், திறக்கவில்லை. நரகம் என் ஆவலைத் தீர்க்காவிட்டால் என்னாலான மனித வழிகளைப் பார்க்கிறேன், இசபெல்லா தப்பக் கூடாது என்று சொல்லித் திரும்பிவிடுகிறான். தன் பாட்டனின் ஆவி பின்னால் வரச் சொல்லிக் கூப்பிட்ட ஒருவன், பூட்டிய கடையிலிருந்து திரும்புபவனைப் போலத் திரும்புகிறான். ஓவியம் நடந்ததில் எனக்குக் குறையில்லை. அது நடந்ததைக் கண்ட மனிதன் மனிதனாக நடந்துகொள்ளவில்லை என்பதே குறை.

எலும்புக்கூட்டைப் பொறுத்தவரை என்னால் ரீவோடு ஒத்துப்போக முடியவில்லை. இசபெல்லாவின் தந்தை ஃபிரெடரிக், மான்ஃபிரட்டின் மகள் மெட்டில்டாமீது கொண்ட ஆசையால் நேர்மை தவறத் தொடங்கும்போது, வழிபாட்டறையில் மண்டியிட்டிருக்கும் உருவம் மெல்லத் திரும்பி, சதையற்ற தாடையையும் வெற்றுக் கண்குழிகளையும் காட்டுகிறது. அவன் முன்பு யோப்பா வனத்தில் சந்தித்த துறவியின் ஆவி அது; யோப்பா வனத்தை மறந்தாயா என்று கேட்கிறது. ஃபிரெடரிக் தரையில் விழுந்து அழுகிறான். அவனுடைய நடுக்கம் உண்மையானது. அதனால் என் நடுக்கமும் உண்மையாயிற்று.

மருந்தும் அதன் விளைவும்

ரீவின் நாவல் முதலில் 1777-இல் கோல்செஸ்டரில் 'தி சாம்பியன் ஆஃப் வர்ச்சூ' என்ற பெயரில் வந்தது. புகழ்பெற்ற நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சனின் மகளான திருமதி பிரிட்ஜென் திருத்தம் செய்ய, 1778-இல் 'தி ஓல்டு இங்கிலிஷ் பாரன்' என்ற பெயரில் லண்டனில் வெளிவந்தது. அதன் உரிமையை ரீவ் 10 பவுனுக்கு விற்றார். கதை இத்தாலியிலிருந்து ஆறாம் ஹென்றி காலத்து இங்கிலாந்துக்கு வந்துவிட்டது. குடியானவன் மகனாக வளர்ந்த எட்மண்ட், லவல் கோட்டையில் ஆள் நடமாட்டமற்ற கிழக்குப் பகுதியில் மூன்று இரவுகள் தங்குகிறான். தரைக்கு அடியிலிருந்து ஆயுதங்கள் மோதும் ஓசையும் முனகலும் கேட்கின்றன. குருதிக்கறை படிந்த கவசம் கிடைக்கிறது. பலகைக்குக் கீழே ஒரு பெட்டியில், கழுத்தும் குதிகாலும் சேர்த்துக் கட்டப்பட்ட எலும்புக்கூடு கிடக்கிறது. அது கொலையுண்ட தந்தையின் உடல். எல்லாமே மனித அளவில் இருக்கின்றன. ஓசை எழும் அந்த இரவுப் பக்கங்கள் நன்றாகவே எழுதப்பட்டுள்ளன. தரைக்கு அடியிலிருந்து ஓசையை வரவழைத்தது ரீவின் நல்ல கண்டுபிடிப்பு.

ஆனால் எட்மண்ட் அஞ்சுவதில்லை. குற்றமற்ற நெஞ்சுக்கு இறைவன் துணை இருக்கையில் பயம் எதற்கு என்ற நிம்மதியோடு அவன் அந்த அறையில் படுக்கிறான். கனவில் ஒரு வீரனும் ஒரு பெண்மணியும் வந்து அவனை வாழ்த்துகிறார்கள். அவன் நுழையும்போது கோட்டையின் கதவுகள் தாமே திறக்கின்றன. பேய் தன் முழுக் கடுமையோடு கவசமணிந்து தோன்றுவது அவனுடைய பகைவர்களான வென்லாக், மார்க்கம் ஆகியோரின் முன்னே மட்டும்; அவர்களுடைய பயத்தை நாம் கடன் வாங்க விரும்புவதில்லை, ஏனெனில் அவர்கள் தண்டனைக்குரியவர்கள். நாவலின் பின்பாதி, நிலம் யாருக்கு, வாடகைப் பாக்கி எவ்வளவு, வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்கள் யாரைச் சேரும் என்று ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தின் பொறுமையோடு நகர்கிறது. வால்போலின் நாவலை வாட்டிய நோய், அதாவது நடுவில் நிற்கும் மனிதன் அதிசயத்துக்கு அசைந்துகொடுக்காத நிலை, இங்கேயும் அப்படியே இருக்கிறது. அங்கே மரத்துப்போனதால் அசையவில்லை; இங்கே அறத்தால் அசையவில்லை.

வால்போல் இதை உடனே கண்டுகொண்டார். தம் நூலைப் பகுத்தறிவுக்கும் நம்பகத்துக்கும் ஏற்பச் சுருக்கிவிட்டார்கள், லண்டனின் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் நடக்கும் எந்தக் கொலை வழக்கும் இதைவிடச் சுவையாக இருக்கும் என்று 1778-இல் கோலுக்கு எழுதினார். இன்னொரு கடிதத்தில், வியப்பைக் கண்டித்துக்கொண்டே ஒரு பேயையும் சேர்த்துக்கொண்டார்கள், பழக்கப்படுத்திய பேய் நம்பகத்தின் சட்டத்துக்குள் அடங்கும் என்று ஆசிரியர் நினைத்தார் போலும் என்றார். காயப்பட்ட ஆசிரியரின் வாய்ச்சொல் என்று இதில் பாதியைத் தள்ளிவிடலாம். மீதிப் பாதியை ரீவே முன்கூட்டிச் சொல்லியிருந்தார். அதே முன்னுரையில், ஷேக்ஸ்பியரைப் பார்த்து எழுதியவர்களுக்கு நேர்ந்தது தமக்கும் நேரலாம், ஒழுங்குகளைக் காப்பாற்றிவிட்டு உயிர்ப்பைப் பறக்கவிட்டுவிடலாம் என்று அஞ்சியதாக எழுதுகிறார். நண்பர்களுக்குத் தொடக்கத்தைப் படித்துக்காட்டி, அவர்கள் நன்று என்றதும் துணிந்திருக்கிறார். அந்த அச்சத்தை மறைக்காமல் அச்சில் வைத்த நேர்மைக்காக நான் அவரை வணங்குகிறேன்.

பின்னாளில் ரீவைப் பற்றி எழுதிய நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் அவருடைய விதியின் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கினார். பேய் வரலாம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டபின், இத்தனை அடி உயரம்வரை நம்பலாம், அதற்குமேல் நம்பக் கூடாது என்று யார் கோடு போடுவது? இதற்கு ரீவிடம் பதில் இல்லை. ஸ்காட்டுக்கு முன்பே நாவலாசிரியர் ஆன் ராட்கிளிஃப் வேறொரு வழியை எடுத்திருந்தார். 1794-இல் வெளியான 'உடால்ஃபோ கோட்டையின் மர்மங்கள்' நாவலில் கறுப்புத் திரையை விலக்கிப் பார்த்து எமிலி மயங்கி விழுகிறாள். அவள் கண்டது என்னவென்று நான்காம் தொகுதியின் கடைசிப் பகுதிவரை சொல்லாமல் வைத்திருந்து, அது மெழுகில் செய்த பிணவுருவம் என்கிறார் ஆசிரியர். இங்கே பயப்பட ஆள் இருக்கிறது. பயம் முழுவதும் உண்மை. ஆனால் கொடுத்த கடனை வட்டியோடு திரும்பக் கேட்கிறது அந்தக் கடைசி விளக்கம். அது வேறு வகை ஏமாற்றம், வேறு ஆய்வுக்குரியது.

கனவில் வந்த கை

ரீவின் பட்டியலில் இல்லாதவற்றையும் எண்ணிப்பார்க்க வேண்டும். அல்ஃபோன்ஸோ சிலையின் மூக்கிலிருந்து வழியும் மூன்று துளிக் குருதியும், கடைசியில் எழும் பேருருவமும் அதில் இல்லை; இவை இரண்டும் நேரடியாகவே காட்டப்படுபவை. எனவே நான் சொல்லப்போவதைக் கறாரான விதியாக்க மாட்டேன். ஆனாலும் அந்தப் பட்டியலில் இல்லாத மற்ற இரண்டு, காலும் கையும், ஒரே முறையில் சொல்லப்பட்டவை என்பதை என்னால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. பெரிய அறையில் நீண்டு கிடந்த இராட்சதக் காலைக் கண்டவன் டியேகோ என்ற வேலைக்காரன்; அவனும் உடனிருந்த ஜாக்கஸும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டு, சொல்லவந்ததைச் சொல்ல முடியாமல் திணறி, மான்ஃபிரட்டைப் பொறுமையிழக்கச் செய்து, அரைகுறையாக அதைச் சொல்கிறார்கள். நாம் அந்தக் காலைப் பார்ப்பதே இல்லை. அவர்களைப் பார்க்கிறோம்.

கையும் அப்படித்தான். வால்போலின் கனவில் வந்த அதே கை, அதே படிக்கட்டு. கடைசி அத்தியாயத்தில் மான்ஃபிரட்டும் ஃபிரெடரிக்கும் பேசிக்கொண்டிருக்கும் இடத்துக்குப் பணிப்பெண் பியாங்கா அலறிக்கொண்டு ஓடிவருகிறாள். கவசம் உரசும் சத்தம் கேட்டதாம், நிமிர்ந்து பார்த்தாளாம், பெரிய படிக்கட்டின் உச்சிக் கைப்பிடிமேல் இரும்புக் கவசம் பூண்ட கை இருந்ததாம். எவ்வளவு பெரியது என்று சொல்லவரும்போது அவளுக்கு ஒப்புமை கிடைக்கவில்லை. நூறு மடங்கு என்றோ நூறு ஆள் என்றோ அவள் சொல்வதில்லை. பெரியதென்றால் அவ்வளவு பெரியது என்கிறாள், இனி இந்தக் கோட்டையில் ஒரு இரவும் தங்கமாட்டேன் என்று அழுகிறாள்.